டெல்லியிலிருந்து ஒரு மலையோடை: குச்சுப்பானியா, மோகன்சட்டியா, தீர்த்தனா?

மே மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். தென்காசியிலிருந்து அம்மா வந்திருப்பாள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. டெல்லி ராமகிருஷ்ணபுரத்து மொட்டைமாடி மத்தியானம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். "இம்புட்டுப் பெரிய ஊருக்குப் பக்கத்தில காலை நனைக்க ஒரு ஓடை கெடையாதாட்டி?" என்று அம்மா கேட்பாள். குற்றாலத்துச் சாரலில் வளர்ந்தவள். யமுனையைக் காட்டி அவளைச் சமாதானப்படுத்த முடியாது.

ஓடை இருக்கிறது. ஓர் இரவுப் பயணத் தூரத்துக்குள்ளேயே நிறைய இருக்கிறது. எந்த ஓடை, யாரோடு, எந்த மாதம் என்பதில்தான் தப்பு நடக்கிறது. டெல்லிக்கு வந்த 19 வருடத்தில் நாங்களும் அந்தத் தப்புகளைச் செய்திருக்கிறோம். நம்மவர்கள் அடிக்கடி விசாரிக்கும் மூன்று இடங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: டேராடூன் பக்கத்துக் குச்சுப்பானி, ரிஷிகேஷுக்கு மேலே மோகன்சட்டி, இமாச்சலத்தில் தீர்த்தன்.

படத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வெள்ளைக் கூழாங்கல், தெளிந்த தண்ணீர், பின்னால் மலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் இவற்றைப் பிரிக்க வேண்டும். குச்சுப்பானியில் ஓடுவது சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து வெளிவரும் தண்ணீர். மோகன்சட்டி ஓடைக்குப் பனிமலைத் தொடர்பு கிடையாது, ஊற்றும் மழையும்தான் அதற்கு ஆதாரம். தீர்த்தன் உயரத்துப் பனி உருகி வரும் ஆறு. இது தெரிந்துவிட்டால் எது எப்போது வற்றும், எது எலும்பு வரை குளிரும், எது மாலையில் ஏறும் என்று ஓரளவு நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கம் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. நமக்குச் சீசன் என்றாலே ஜூன் பாதியில் தொடங்கி ஆகஸ்ட் வரை. தென்மேற்குக் காற்றோடு சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கிளம்பு என்பது ரத்தத்தில் ஊறியது. அதே நினைப்பில் ஜூலையில் இமயமலை ஓடைக்குக் கிளம்புகிற தமிழ்க் குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். 2022 ஆகஸ்டில் டேராடூன் பக்கம் மால்தேவ்தாவில் மேகவெடிப்பு. 2023 ஜூலையில் குல்லு, மண்டி மாவட்டங்களில் பியாஸ் நதி கரையிலிருந்த கட்டடங்களையும் பாலங்களையும் இழுத்துக்கொண்டு போனது. அதே வருடம் ஆகஸ்டில் மோகன்சட்டிப் பகுதியில் மண் சரிந்து ஒரு தங்கும் விடுதி புதைந்து உயிர்கள் போயின. 2025 செப்டம்பரில் டேராடூன் பக்கத்துச் சகஸ்ரதாராவில் மறுபடியும் வெள்ளம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ரிஷிகேஷில் ராஃப்டிங் என்கிற ரப்பர் படகுப் பயணத்தையே நிறுத்திவிடுகிறார்கள். போதாததற்கு சாவன் மாதக் காவடி யாத்திரைக்காக ஹரித்வார் சாலையில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே ஏப்ரலிலிருந்து ஜூன் நடு வரை, இல்லையென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. இதற்கு வெளியே இந்த மூன்றில் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இனி ஒவ்வொன்றாக.

குச்சுப்பானி போக எளிது. ஆனந்த் விகாரிலிருந்து மாலையில் புறப்படும் வந்தே பாரத் ஐந்து மணி நேரத்துக்குள் டேராடூனில் விட்டுவிடும். மயூர் விகார்க்காரர்களுக்கு இது வீட்டு வாசல் மாதிரி. டேராடூன் நகரத்திலிருந்து 8 கி.மீ. இரண்டு பக்கமும் உயர்ந்த பாறைச் சுவர், நடுவில் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீரிலேயே நடந்து போகும் இடுக்கு. பெரும்பாலும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைதான் தண்ணீர். ஓரிடத்தில் ஓடை பூமிக்குள் மறைந்து சற்றுத் தள்ளி மறுபடி எட்டிப் பார்க்கும். உள்ளே நுழைந்ததும் வெயில் விலகி, பாறையிலிருந்து பிடரியில் சொட்டும் முதல் துளிக்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பேரன் தோளைப் பிடித்தபடி முக்கால் தூரம் நடந்தாள்.

ஆனால் சனி, ஞாயிறு என்றால் அங்கே எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். தோளோடு தோள் இடிக்கும், கூச்சல் பாறையில் மோதிக் காதை அடைக்கும். வார நாளில் காலை எட்டு மணிக்குள் போனால் வேறு இடம் அது. வாசலில் வாடகைக்குக் கொடுக்கும் ரப்பர் செருப்பு தண்ணீரில் கழன்று ஓடிவிடும். பின்பக்கம் வார் வைத்த செருப்பைக் கையோடு கொண்டு போங்கள். அரை மணி மழை பெய்திருந்தாலும் உள்ளே போக வேண்டாம், இடுக்கில் வெள்ளம் வந்தால் ஏறித் தப்பக் கரையே கிடையாது. பக்கத்தில் உள்ள சகஸ்ரதாரா, பெயர்ப்படி ஆயிரம் தாரை. சுண்ணாம்புப் பாறையில் நீர் சொட்டும் இடமும் கந்தக ஊற்றும் பார்க்கத் தகுந்தவைதான், ஆனால் ஓடையைத் தேடிப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது தடுத்துக் கட்டிய தொட்டிகளும் கடைவரிசையும். இதற்காக மட்டும் டெல்லியிலிருந்து கிளம்புவது வீண். முசௌரி போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதைக் குச்சுப்பானிக்கு ஒதுக்கினால் போதும்.

மோகன்சட்டிக்கு வருவோம். பெயரைக் கேட்டதும் நமக்கு மண்சட்டிதான் ஞாபகம் வரும். கர்வாலில் சட்டி என்றால் யாத்திரிகர்கள் இரவு தங்கிப் போகும் இடம், நம் சாவடி, சத்திரம் மாதிரி. சாலை வருவதற்கு முன் பத்ரிநாத்துக்கு நடந்தே போன காலத்தில் கருட்சட்டி, பூல்சட்டி, மோகன்சட்டி என்று வழி நெடுக இப்படி இருந்தன. அந்த நடைபாதையை ஒட்டி வரும் ஓடைதான் ஹ்யூல். பூல்சட்டி பக்கம் கங்கையில் கலக்கிறது.

மே மாதத்தில் இது சாது. வெள்ளை உருளைக் கற்களுக்கு நடுவே முழங்கால் தண்ணீர், அங்கங்கே இடுப்பளவு கசம். பனித் தண்ணீர் இல்லை என்பதால் வெயில் ஏறியதும் தண்ணீரில் குளிர் முறிந்துவிடும். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் கிடந்தாலும் உதடு நீலம் பாரிக்காது. காலை நீட்டி உட்கார்ந்தால் விரல் நீளக் குஞ்சு மீன்கள் வந்து குதிகாலைக் கொத்தும். என் சின்னவனுக்கு ஒன்பது வயது. கல்லை அடுக்கி அணை கட்டி, அதை உடைத்து, மறுபடி கட்டி ஒரு நாள் முழுக்க அங்கேயே கழித்தான். அம்மா ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து காலை எடுக்கவேயில்லை. டெல்லியிலிருந்து சுமார் 250 கி.மீ. தூரத்தில் இது கிடைப்பது பெரிய விஷயம்.

இங்கே இன்னொரு வசதி, வயசுப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே கங்கை. ராஃப்டிங் இந்த ஓடையில் கிடையாது, கங்கையில்தான். பிரம்மபுரியிலிருந்து 9 கி.மீ. என்றால் முதல்முறைக்காரர்களுக்கு. சிவ்புரியிலிருந்து 16 கி.மீ. என்றால் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்த பெரிய அலைகளைத் தாண்ட வேண்டும். விதிப்படி 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். என் பெரியவனுக்கு இந்த வருடம்தான் அது கைகூடுகிறது, அவன் சித்தப்பா, அதாவது என் கொழுந்தன், மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். வயதைப் பொய் சொல்லி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் பிள்ளையின் உடம்புக்கு இறுக்கமாகப் பொருந்தவில்லை என்றால், விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்றாதீர்கள். மோகன்சட்டியிலேயே ஓடைக்கு மேல் 83 மீட்டர் உயரத்திலிருந்து கயிறு கட்டிக் குதிக்கும் இடமும் உண்டு. நான் கீழே நின்று பார்த்ததோடு சரி.

குறையையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கங்கைக் கரைக் கூடாரங்களுக்குத் தடை போட்ட பிறகு, நிறைய முகாம்கள் பக்கத்து ஓடைகளுக்குக் குடியேறின. ஒருமுறை நாங்கள் முன்பணம் கட்டிப் போன முகாமில் 'ஆற்றங்கரை' என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கூடாரங்கள் கரையில் இல்லை, ஆற்றுப் படுகையிலேயே நின்றன. என் கணவர் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கூடாரத்தின் உச்சிக்கும் மேலே, மரக்கிளையில், காய்ந்த சருகும் சுள்ளியும் கந்தல் பிளாஸ்டிக்கும் கற்றையாகச் சிக்கியிருந்தன. போன மழையில் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். பரவாயில்லை என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே சாலையோரத்தில் ஒரு சாதாரண வீட்டில் தங்கினோம். அன்று முதல் எந்த ஓடைக்குப் போனாலும் முதலில் மரக்கிளைகளைத்தான் பார்க்கிறோம். நீங்களும் பாருங்கள், வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அவையே காட்டிவிடும்.

இரவில் ஒலிபெருக்கிச் சத்தம், காலையில் கற்களுக்கு நடுவே உடைந்த பாட்டில். வெறுங்காலோடு இறங்கவே இறங்காதீர்கள். சனிக்கிழமை தவிர்த்து, திங்கள், செவ்வாய் என்று போனால் இரண்டும் பாதியாகக் குறையும். மே, ஜூனில் சார்தாம் யாத்திரையும் சேர்ந்துகொள்வதால் ரிஷிகேஷ் நெரிசலில் இரண்டு மணி நேரம் போவது சாதாரணம். விடியற்காலை ஊரைத் தாண்டிவிடுங்கள்.

தீர்த்தன் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு மனசு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, விடியும்போது ஔட் சுரங்கப்பாதை வாசலில் இறங்க வேண்டும். கிட்டத்தட்ட 3 கி.மீ. நீளச் சுரங்கம் அது, தூங்கிவிட்டால் குல்லு பக்கம் போய்விடுவீர்கள். அங்கிருந்து ஜீப்போ உள்ளூர்ப் பேருந்தோ பிடித்து லார்ஜி, பஞ்சார் வழியாக, தீர்த்தன் கரையில் இருக்கும் குஷைனி. மொத்தம் 500 கி.மீ.க்கு மேல். அம்மாவுக்கு முழங்கால் வலி. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலே உட்கார்ந்து வந்ததில் இறங்கும்போது கால் வீங்கிவிட்டது. மூன்று நாள் விடுப்பில் போனால் இரண்டு நாள் வண்டியிலேயே போய்விடும். நான்கு இரவு தங்க முடியாதவர்கள் தீர்த்தனை எண்ணவே வேண்டாம்.

ஆனால் அந்தத் தண்ணீர்! பெரிய இமாலயத் தேசியப் பூங்காவின் பனிமலைகளிலிருந்து இறங்குகிறது. 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பூங்கா அது. இமாச்சலத்தில் ஆற்றுக்கு ஆறு மின் திட்டம் வந்துவிட்ட பிறகும், பள்ளத்தாக்கு மக்கள் போராடி இந்த ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வராமல் தடுத்தார்கள். பஞ்சார் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலே ராம் ஷபாப் அதில் முன்னால் நின்றவர். அதனால்தான் இன்றைக்கும் அங்கே பாறைக்குப் பாறை மோதி நுரைத்து ஓடுகிற ஓர் ஆறு முழுசாக இருக்கிறது. இரவு சன்னலைத் திறந்து வைத்துப் படுத்தால் அதன் இரைச்சல்தான் தாலாட்டு.

முதல் நாள் அம்மா ஆசையாகக் காலை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். "ஏட்டி, இது தண்ணியில்ல, பனிக்கட்டியைக் கரைச்சு விட்டிருக்கான்." ஜூன் மாதம் அது. தீர்த்தனில் முங்கிக் குளிப்பது என்பது முப்பது விநாடி வேலை. அதற்கு மேல் நின்றால் கால் மரத்து, பாசி படிந்த கல்லில் பிடிமானம் போய்விடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே கதிதான், குளிர் அதிர்ச்சியில் மூச்சு இழுத்துக்கொள்ளும். குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்து நிற்கிற ஆசையோடு வருகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். இது கரையில் உட்காரவும், ஓரமாக நடக்கவும், தூண்டில் போடவும் உள்ள ஆறு.

இன்னொன்றையும் என் சின்னவன்தான் எங்களுக்குக் காட்டினான். காலை ஏழு மணிக்குத் தண்ணீரின் ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கற்களை வரிசையாக வைத்து ஒரு கோடு போட்டான். மாலை நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் கோட்டைக் காணோம். கையை விட்டுத் துழாவினால் ஒரு சாண் ஆழத்தில் கற்கள் அப்படியே இருந்தன. மழை ஒரு துளி இல்லை, வானம் பளிச்சென்று இருந்தது. பகல் முழுக்க மேலே பனி உருகி, அந்தத் தண்ணீர் பிற்பகலில் கீழே வந்து சேர்கிறது. அதனால் கோடைக்காலத்தில் பனியாறுகளில் காலையில் எளிதாகத் தாண்டிய இடத்தை மாலையில் தாண்ட முடியாமல் போகும். நடுவில் இருக்கிற பாறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

அப்புறம் மீன். 1909-ல் வெள்ளைக்காரர்கள் குல்லுப் பள்ளத்தாக்கில் பழுப்பு ட்ரௌட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். இருபது டிகிரிக்கு மேல் சூடானால் திணறிப் போகும் மீன் அது, தீர்த்தனின் குளிர் அதற்குச் சரியாக வாய்த்தது. மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் தூண்டில் போட வேண்டும். நவம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய முட்டையிடும் காலம், அப்போது பிடிக்கக் கூடாது. என் கொழுந்தன் இரண்டு நாள் தூண்டிலோடு நின்று ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஆனால் ஒருமுறை பாறை நிழலில் அது நின்றதை எங்களுக்குக் காட்டினார். உடம்பு முழுக்கக் கருப்பும் சிவப்புமாகப் புள்ளி, ஓட்டத்துக்கு எதிராக வாலை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றது. பார்த்தது ஒரு நிமிடம் இருக்கும். பேச்சே எழவில்லை எங்களுக்கு.

நடக்கிறவர்களுக்கு குஷைனியிலிருந்து ரோலா வரை ஆற்றை ஒட்டியே சுமார் 10 கி.மீ. பாதை. பூங்கா எல்லைக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். எல்லை வரை போய்த் திரும்பினாலே ஒரு நாள் நிறைந்துவிடும்.

தீர்த்தன் போகிற வழியில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. லார்ஜி அணைக்குக் கீழே, தலௌட் பக்கத்தில் பியாஸ் நதி சாலைக்கு அருகிலேயே, கற்கள் வெளியே தெரிய, அமைதியாக ஓடும். 2014 ஜூன் 8 அன்று அங்கே படம் எடுக்க இறங்கிய ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் போய்விட்டார்கள். தீர்த்தனுக்கு மேலே அணை இல்லை, பியாஸுக்கு இருக்கிறது. வண்டி தேநீருக்கு நிற்கும்போது பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

நம் ஊர் மட்டும் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அந்த நாளிலிருந்து அம்மா எந்த ஓடையிலும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தபடியே இருக்கிறாள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, இரைச்சலின் தொனி மாறினாலோ, ஓட்டம் காரணமில்லாமல் குறைந்தாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். தலைக்கு மேல் வெயில் அடிப்பதால் மழை இல்லை என்று அர்த்தமில்லை, மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும்.

சோப்பு விஷயமும் உண்டு. குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு நீதிமன்றமே தடை போட்டது. எண்ணெய் தேய்க்காமல் அருவியா என்று கோபப்பட்ட அம்மாவே இப்போது மோகன்சட்டி ஓடையில் ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்த ஒரு பையனிடம் தமிழிலேயே சண்டைக்குப் போனாள். அவனுக்கு மொழி புரியவில்லை, ஆனால் பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த ஓடைத் தண்ணீர் கீழே யாரோ ஒருவர் குடத்தில் மொண்டுபோகிற தண்ணீர்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று நாள்தான் கையில், கூட வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், காலம் மே என்றால் யோசிக்காமல் மோகன்சட்டி. தண்ணீர் ஆழமில்லை, குளிர் இல்லை, கூட வந்த இளவட்டங்களுக்குக் கங்கை. கரைக்கு மேலே, சாலை மட்டத்தில் தங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஐந்தாறு நாள் ஒதுக்க முடிந்தவர்கள், உட்கார்ந்து ஓர் ஆற்றைப் பார்ப்பதே போதும் என்கிறவர்கள் தீர்த்தனுக்குப் போங்கள், அதுவும் அக்டோபரில். பனி உருகுவது குறைந்து, மழையும் ஓய்ந்து, அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருக்கும். தூண்டில் காலமும் மாதக் கடைசி வரை இருக்கும். மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான் வாழ்நாளில் போக முடியும் என்று யாராவது சொன்னால் நான் தீர்த்தன் என்றுதான் சொல்வேன். குச்சுப்பானிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

எங்கள் வீட்டில் இந்த மே கடைசி வாரம், திங்கள் முதல் புதன் வரை மோகன்சட்டி. பெரியவனுக்கும் அவன் சித்தப்பாவுக்கும் பிரம்மபுரிப் படகு பேசியாயிற்று. தசரா விடுமுறைக்குத் தீர்த்தன். அம்மாவுக்குப் பேருந்து வேண்டாம், சண்டிகர் வரை ரயிலில் போய் ஒரு இரவு தங்கி, மறுநாள் காரில் என்று பிரித்திருக்கிறோம். "அந்தப் புள்ளி மீனு அங்கனதான் இருக்குமா?" என்று அம்மா நேற்று கேட்டாள். சின்னவன் இந்த முறை கோடு போடுவதற்கென்று ஒரு டப்பா நிறைய வெள்ளைக் கல் சேர்த்து வைத்திருக்கிறான்.